படம் எடுத்தாயிற்று, மைதானம் எங்கே?

மாமல்லபுரத்தில் ஒரு சறுக்குமேடை. வெள்ளைக் கவுனும் வெறுங்காலுமாக ஒரு சின்னப்பெண் அதில் ஸ்கேட்போர்டோடு பாய்ந்து இறங்குகிறாள். இந்த ஒற்றைப் புகைப்படம் சில ஆண்டுகளுக்கு முன் உலகத்தையே சுற்றி வந்தது. எடுத்தவர், இந்தப் பக்கம் வந்திருந்த அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர் ஜேமி தாமஸ். அதைச் சமூக வலைதளத்தில் பகிர்ந்தவர் டோனி ஹாக். ஸ்கேட்போர்டு விளையாடும் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் அவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

படத்தில் இருந்த பெண் கமலி. மீனவக் குடும்பத்துப் பிள்ளை. கணவரின் துணையின்றி, கடற்கரையில் சின்னதாகக் கடை போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர் அவளுடைய அம்மா. அந்தக் குடும்பத்தைத் தேடி வந்த இயக்குநர் சாஷா ரெயின்போ, ‘கமலி’ என்ற பெயரிலேயே அரைமணி நேரத்துக்கும் குறைவான ஓர் ஆவணப்படம் எடுத்தார். ஊரிலேயே ஸ்கேட்போர்டு ஓட்டும் ஒரே பெண் என்ற நிலையில் இருந்த ஏழு வயதுச் சிறுமி, மகளைத் தடுக்காத அம்மா, அந்த அம்மா தனக்காக மேற்கொள்ளும் ஒரு யாத்திரை. கதை அவ்வளவுதான். 2020-இல் லண்டனில் நடந்த பாஃப்டா விருது விழாவில் சிறந்த பிரிட்டிஷ் குறும்படப் பிரிவின் ஐந்து படங்களில் ஒன்றாக ‘கமலி’ நின்றது. விருதைத் தட்டிச் சென்ற படமும் ஸ்கேட்போர்டைப் பற்றியதே. காபூலில் போருக்கு நடுவே பெண் குழந்தைகளுக்கு எழுத்தோடு ஸ்கேட்போர்டும் சொல்லித்தந்த ஸ்கேட்டிஸ்தான் அமைப்பைப் பற்றி கேரல் டைசிங்கர் எடுத்த படம் அது. அதே மாதம் ஆஸ்கரும் அதற்கே கிடைத்தது.

ஒரு பிள்ளை விளையாடுவதைத் திரையில் காட்டி, ‘இந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டாமா?’ என்று பார்ப்பவரைக் கேட்கவைப்பது புதிய உத்தி அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டன் இதை ஓர் இயக்கமாகவே செய்து பார்த்தது. அங்கே அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைக்கும், கல்பாக்கம், மாமல்லபுரம், கோவளம் என்று நீளும் இந்தக் கடற்கரையில் கிடைத்திருக்கும் விடைக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதைத்தான் இன்று பேசவேண்டியிருக்கிறது.

குண்டு விழுந்த மனையில் கிரிக்கெட்

1940 செப்டம்பரிலிருந்து 1941 மே வரை ஜெர்மானிய விமானங்கள் லண்டனையும் பிற நகரங்களையும் குண்டுபோட்டு நொறுக்கின. போர் முடிந்தபின் இடிபாட்டு மனைகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தன. தப்பித்த விளையாட்டுத் திடல்கள் பலவற்றிலும் போர்க்காலத்தில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பயிரிட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தெருவும் இடிபாடும்தான் மிச்சம். செங்கல் குவியலுக்கு நடுவே கால்பந்து, சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டு ஸ்டம்ப். நம்மூர்ச் சந்துகளில் கரித்துண்டு செய்த வேலையை அங்கே சாக்கட்டி செய்தது.

அந்த நேரத்தில் களத்தில் இருந்த அமைப்பு ‘தேசிய விளையாட்டுத் திடல் சங்கம்’. 1925-இல் ரெஜினால்ட் கென்டிஷ் என்ற ராணுவ அதிகாரியின் முயற்சியில் தொடங்கியது. பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான யார்க் கோமகன்தான் முதல் தலைவர். ஆயிரம் பேர் வாழும் இடத்துக்கு ஆறு ஏக்கர் திறந்தவெளி வேண்டும் என்பது சங்கம் வகுத்த கணக்கு. விளையாட்டுக்கு இடம் வேண்டும் என்று பொத்தாம்பொதுவாகப் பேசாமல், இத்தனை தலைக்கு இத்தனை நிலம் என்று அளந்து கேட்டதில்தான் அந்தச் சங்கத்தின் வலிமையே இருந்தது. ஒரு நகரசபையிடம் போய், உங்கள் ஊரில் இவ்வளவு ஏக்கர் குறைகிறது என்று விரல் நீட்டிச் சொல்ல முடிந்தது.

1949-இல் இளவரசர் பிலிப் தலைமைக்கு வந்தார். 2013 வரை, 64 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். நிதி திரட்ட அவர் தொடாத கதவில்லை. அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் இசைத்தட்டு வருமானம்கூடத் திடல்களுக்கு வந்து சேர்ந்தது.

சினிமாவும் விட்டுவைக்கப்படவில்லை. விட்டுவைக்கவும் முடியாது. 1946-இல் பிரிட்டன் திரையரங்குகளில் விற்ற டிக்கெட்டுகள் 160 கோடிக்கும் மேல். அப்போது நாட்டின் மக்கள்தொகை 5 கோடியை ஒட்டித்தான் இருந்தது. வீட்டில் தொலைக்காட்சி அபூர்வமாக இருந்த காலத்தில் ஊரே கூடும் இடம் கொட்டகைதான். செய்திப்படத்தோடு சேர்ந்து ஓடும் சில நிமிட வேண்டுகோள் படங்களின் வார்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் நெரிசலான தெரு, வண்டிகளுக்கு நடுவே பந்து துரத்தும் பையன்கள். பிறகு புல்வெளி, வெள்ளைக் கோடு, கோல் கம்பம். கடைசியில் நாடறிந்த ஒரு குரலோ முகமோ வந்து பணம் கேட்கும். ரேஷன் புத்தகத்தை வைத்துக்கொண்டு இறைச்சிக்கு வரிசையில் நின்ற மக்கள் அவர்கள். பிரிட்டனில் உணவு ரேஷன் முழுசாக ஒழிந்தது 1954-இல்தான். அப்படிப்பட்டவர்களிடம் போய்ப் புல்தரைக்குக் காசு கேட்பதற்கே ஒரு துணிச்சல் வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம் ஆலன் சீமாட்டி வேறொரு வழியைக் காட்டினார். டென்மார்க்கின் எம்ட்ரப் என்ற இடத்தில் பலகையும் ஆணியும் பழைய டயருமாகப் பிள்ளைகளே கட்டி விளையாடும் திடலைப் பார்த்துவிட்டு வந்தவர், நம் இடிபாட்டு மனைகளையும் இப்படி ஆக்கினால் என்ன என்று 1946-இல் ‘பிக்சர் போஸ்ட்’ இதழில் படங்களோடு எழுதினார். இரண்டே ஆண்டில் லண்டனின் கேம்பர்வெல்லில் ஒரு திடல் திறந்தது. விளையாட்டுத் திடல் சங்கமும் பின்னர் இந்த முயற்சிகளுக்குத் துணை நின்றது.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டு வாசகர் குறித்துக்கொள்ளவேண்டியது வேறொன்று. வசூலான பணம் பரிசுக் கோப்பைக்கும் பந்தலுக்கும் போகவில்லை, நிலத்துக்குப் போனது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1936-இல் இறந்தபோது சிலை மட்டும் வைத்து நிறுத்திக்கொள்ளாமல், அவர் பெயரால் திடல்கள் அமைக்க நிதி திரட்டினார்கள். அப்படி உருவான திடல்கள் 471. ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் ஒரு தூணில் சிங்கமும் மறுதூணில் ஒற்றைக்கொம்புக் குதிரையும் பொறித்த பலகை பதித்திருக்கும். விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் அன்றி வேறெதற்கும் இந்த நிலத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று அறக்கட்டளைப் பத்திரம் எழுதிவைத்தார்கள். விளையாட்டுத் திடல் சங்கம் இன்று ‘ஃபீல்ட்ஸ் இன் டிரஸ்ட்’ என்ற பெயரில் இதே பத்திர வேலையைத் தொடர்கிறது.

ரசீதுப் புத்தகமும் மின்னொளிக் கபடியும்

பிரிட்டன்காரர்களுக்குத் திரையும் உண்டியலும் என்றால், நமக்கு ரசீதுப் புத்தகமும் மைக்செட்டும். செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் பொங்கலுக்கோ அம்மன் கோயில் திருவிழாவுக்கோ ‘மாபெரும் மின்னொளிக் கபடிப் போட்டி’ நடக்காத ஆண்டு இருக்காது. இரண்டு மாதத்துக்கு முன்பே இளைஞர் மன்றத்துப் பையன்கள் மஞ்சள் அட்டை போட்ட ரசீதுப் புத்தகத்தோடு கிளம்பிவிடுவார்கள். மளிகைக்கடை, அரிசி மண்டி, செங்கல் சூளை, ரியல் எஸ்டேட் அலுவலகம், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அண்ணன் என ஒருவரையும் விடமாட்டார்கள். நோட்டீஸில் முதல் பரிசு வழங்குபவர் ஒருவர், கோப்பை உபயம் இன்னொருவர், ஒலி-ஒளி உபயம் மற்றொருவர், வீரர்களுக்கு இரவுச் சாப்பாடு வேறொருவர். போட்டி நடக்கும் இரவு முழுக்க அந்தப் பெயர்கள் மைக்கில் ஒலித்துக்கொண்டே இருக்கும். கொடுத்தவருக்கு அதுவே மரியாதை.

இப்போது ஃபிளெக்ஸ் பேனரின் ஓரத்தில் கியூஆர் கோடு வந்துவிட்டது. போட்டி யூடியூபில் நேரலையாகப் போகிறது; துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டே பணம் அனுப்புகிறார்கள். பழைய பிரிட்டிஷ் வேண்டுகோள் படங்கள் செய்ததை ஒரு செல்போன் கேமரா செய்கிறது.

இந்தக் கூட்டுமுயற்சியின் அழகைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் விடிந்ததும் என்ன மிஞ்சுகிறது? பரிசுப் பணம் வென்ற அணியோடு போய்விடும். லைட் கம்பத்தைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஆடிய இடம் அறுவடை முடிந்த வயலாகவோ வற்றிய ஏரியாகவோ பள்ளிக்கூட வளாகமாகவோ இருக்கும். மறுநாள் அது பழைய வேலைக்குத் திரும்பிவிடும். நாம் காலங்காலமாக நிகழ்ச்சிக்கு நிதி திரட்டப் பழகிய மக்கள். இடத்துக்கு நிதி திரட்டுவது இன்னும் நமக்குக் கைவரவில்லை.

சினிமாவையே உயிராக நேசிக்கும் மாநிலத்தில் இந்த உறவு தலைகீழாக நடந்ததும் உண்டு. 2016 ஏப்ரல் 17 அன்று சேப்பாக்கத்தில் நடந்த நட்சத்திரக் கிரிக்கெட், நடிகர் சங்கக் கட்டடத்துக்கு நிதி திரட்டுவதற்காக. அங்கே சினிமாவுக்காக விளையாட்டு உண்டியல் ஏந்தியது. விளையாட்டுக்காகச் சினிமா அப்படி ஏந்திய நாள் எது என்று யோசித்தால் சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை.

அரசு எடுத்த படங்கள் வேறு ரகம். 2022 செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவிடமிருந்து கைமாறி மாமல்லபுரத்துக்கு வந்தபோது, ஏற்பாடுகளுக்குக் கிடைத்தது நான்கு மாதம் சொச்சம். ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் விளம்பரப் படம் வந்தது. நேப்பியர் பாலம் சதுரங்கப் பலகையாக மாறியது. வேட்டி கட்டிய குதிரைத் ‘தம்பி’ ஊரெங்கும் வணக்கம் சொன்னான். 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அணிகள் பூஞ்சேரியில் இறங்கின. கண்கொள்ளாக் காட்சி, சந்தேகமே இல்லை. செஸ்ஸுக்கு மேசையும் பலகையும் போதும் என்பதால் மைதானக் கேள்வியே அங்கே எழவில்லை.

அலைக்குப் பட்டா கிடையாது

இந்தக் கரையில் அலைச்சறுக்கு வளர்ந்த கதையைப் பார்த்தால் இடத்தின் அருமை இன்னும் தெளிவாகப் புரியும்.

கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் அலைப்பலகையில் நிற்கத் தானே பழகியவர். அவருடைய திறமையைக் கண்டு துணைக்கு வந்தார் இஸ்ரேலிய ஒலிப்பதிவாளர் யோதம் ஆகாம். தொழிலதிபர் அருண் வாசுவின் ஆதரவும் சேர்ந்தது. அப்படி உருவானதுதான் ‘கோவ்லாங் பாயின்ட்’ அலைச்சறுக்குப் பள்ளி. குப்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுத்தார்கள். குடி கூடாது, புகை கூடாது. 2013-இல் அலைச்சறுக்குத் திருவிழா தொடங்கியபோது தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸே வந்து பலகையில் ஏறினார். கோவளம் பையன்களின் வீடியோக்கள் பரவின, பயணிகள் வந்தார்கள், பயிற்சிக் கட்டணத்தில் குடும்பங்கள் பிழைத்தன.

கட்டுமரத்தில் அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கடலுக்குள் போய்த் திரும்புவது தலைமுறை தலைமுறையாக இந்தக் கரையின் தொழில்திறன். எந்த அலை தூக்கும், எந்த அலை கவிழ்க்கும் என்பதைப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் கல்பாக்கம் நகரியத்துக்குள்ளும் மீனவக் குப்பங்களுக்குள்ளும் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. அதே கடலில் அடுத்த தலைமுறை பலகையோடு சிரித்துக்கொண்டு இறங்குகிறது என்றால், அது யார் கொடுத்த மனஉறுதியும் அல்ல, அவர்களுடையது.

கமலியும் ஸ்கேட்போர்டோடு நின்றுவிடவில்லை. 2024-இல் மாலத்தீவில் நடந்த ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன்ஷிப்பில், அஜீஷ் அலி, ஸ்ரீகாந்த், சஞ்சய் செல்வமணி ஆகியோரோடு சேர்ந்து குழுப் போட்டியில் இந்தியாவுக்கு வெள்ளி வாங்கித் தந்தார். 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசியச் சாம்பியன்ஷிப்பே இங்கு வந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வென்ற வெண்கலம்தான் ஆசிய அளவில் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் பதக்கம். 2026-இல் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடக்கும் ஆசிய விளையாட்டுகளின் பட்டியலில் அலைச்சறுக்கு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஸ்கேட்போர்டு அந்த வேகத்தில் ஏன் வளரவில்லை? காரணம் திறமைக் குறைவு அல்ல. கடல் பொதுச்சொத்து. அலைக்குப் பட்டா கிடையாது, வாடகை கிடையாது, யாரும் வேலி போட முடியாது. சறுக்குமேடைக்குச் சிமென்ட் தளம் வேண்டும், தளத்துக்கு நிலம் வேண்டும். இந்தக் கரையில் நிலம் என்றால் சிக்கலும் கூடவே வரும். கடலோரம் முழுக்கக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள். மாமல்லபுரத்துக்குள் போனால் தொல்லியல் சட்டம்: பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானமே கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும். பாறைக்குப் பாறை சிற்பம் இருக்கும் ஊரில் மிஞ்சும் இடம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தைச் சுற்றி 1.6 கிலோமீட்டருக்குள் குடியிருப்பே கூடாது. 5 கிலோமீட்டர் வரை புதிய வளர்ச்சிக்குக் கட்டுப்பாடு. நகரியத்துக்குள் ஊழியர் குடும்பங்களுக்கு மைதானங்கள் உண்டு. மதிலுக்கு வெளியே இருக்கும் குப்பத்துப் பிள்ளைக்குக் கடற்கரை மணல்தான் மைதானம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எஞ்சிய இடங்களையோ ரிசார்ட்டுகளும் மனைப்பிரிவுகளும் விலைக்கு வாங்கிக்கொண்டே வருகின்றன.

சிற்பங்களைக் காக்கும் சட்டமும் கடலைக் காக்கும் சட்டமும் அவசியமானவை. அவற்றோடு சண்டைக்கு நிற்பதில் அர்த்தமில்லை. மூன்று பக்கமும் சட்டம் சூழ்ந்த ஊரில், நான்காவது பக்கத்தில் மிஞ்சும் நிலத்தைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி எழுதிவைக்கும் சட்டம் ஏன் வரவில்லை என்பதே கேள்வி.

சாம்பாவின் மகள்கள் கட்டிய பூங்கா

இந்தியாவிலேயே விடை இருக்கிறது. ‘ஷோலே’ படத்தில் பாறை உச்சியில் உட்கார்ந்திருக்கும் சாம்பாவை மறந்திருக்க மாட்டோம். அந்த மேக் மோகனின் மகள்கள் மஞ்சரி, வினதி மகிஜானி. மஞ்சரி இயக்கி 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘ஸ்கேட்டர் கேர்ள்’ படத்துக்காக, ராஜஸ்தானில் உதய்ப்பூர் அருகே கேம்பூர் கிராமத்தில் 14,500 சதுர அடியில் சறுக்குப் பூங்கா ஒன்றைப் படக்குழு கட்டியது. படப்பிடிப்பு முடிந்ததும் செட்டைப் பிரிப்பதுதான் சினிமா வழக்கம். இவர்கள் பிரிக்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே விட்டுவிட்டார்கள். படம் ஓடிடியில் எத்தனை நாள் பேசப்பட்டதோ தெரியாது, அந்தச் சிமென்ட் அலைகளில் பிள்ளைகள் விழுந்து எழுந்து பழகினார்கள்.

மத்தியப் பிரதேசத்தின் பன்னா அருகே ஜன்வார் என்ற ஆதிவாசி கிராமத்தில், ஜெர்மன் பெண்மணி உல்ரிகே ரெய்ன்ஹார்ட் 2015-இல் ஒரு சறுக்குப் பூங்கா அமைத்தார். ஓவியர்கள் வரைந்து தந்த ஸ்கேட்போர்டுகளை விற்று அதற்குப் பணம் சேர்த்தார்கள். அங்கே இரண்டே விதிகள்: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை கிடையாது, பெண் குழந்தை கேட்டால் பையன் பலகையைக் கொடுத்துவிட வேண்டும். பணம், இடம், ஒழுங்கு மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டிய திட்டம் அது.

தமிழ்நாட்டில் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு விளையாட்டு மையம் அமைப்பதும் ஓர் அங்கம். 2023-இல் வீரர்களுக்கு உதவ ‘தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை’ வந்தது. பொதுமக்களும் நிறுவனங்களும் அதற்கு நன்கொடை தரலாம். 2024 முதல் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்புகள் போயின. மட்டையும் பந்தும் வலையும் ஊருக்கு வந்துசேர்ந்துவிட்டன. வலையைக் கட்ட இரண்டு கம்பம் நடுவதற்கு நிரந்தரமான ஓர் இடம் எத்தனை ஊரில் இருக்கிறது என்பதை ஒவ்வோர் ஊராட்சியும் கிராமசபையில் வைத்துப் பேசவேண்டும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 என்று கூட்டம் கூடத்தானே செய்கிறது?

படம் எடுப்பவர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. ‘கமலி’ படத்தின் பலம், அந்தப் பெண்ணின் வறுமையைக் காட்டிக் கண்ணீர் வாங்காததில் இருக்கிறது. அவள் விழுகிறாள், எழுகிறாள், மறுபடி ஏறுகிறாள். கேமரா அவளோடு ஓடுகிறது. நிதிக்காக எடுக்கும் படங்கள் பலவும் கிழிந்த சட்டையையும் ஒழுகும் கூரையையும் தேடிப் போகின்றன. விளையாடும் பிள்ளை யாசகம் கேட்கவில்லை. அது தனக்குச் சேரவேண்டிய இடத்தைக் கேட்கிறது. போருக்குப் பிந்தைய பிரிட்டனின் நல்ல முயற்சிகள் எல்லாவற்றிலும் இந்தக் கேள்வியின் தொனி இதுவாகத்தான் இருந்தது. ஆறு ஏக்கர் வேண்டும், எங்கே தருகிறீர்கள்?

கல்பாக்கம் முதல் கோவளம் வரை இன்று செல்போன் இல்லாத இளைஞர் மன்றம் இல்லை. நன்றாகப் படம்பிடிக்கத் தெரிந்த பையன்களும் பெண்களும் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறார்கள். அடுத்த முறை அவர்கள் நன்கொடை கேட்டு வீடியோ போடும்போது, வங்கிக் கணக்கு எண்ணுக்குக் கீழே இன்னும் இரண்டு விவரங்களைச் சேர்த்துப் போடலாம்: மைதானத்துக்கென்று கேட்கும் புறம்போக்கு நிலத்தின் சர்வே எண், அதை விளையாட்டுக்கு மட்டுமே ஒதுக்கக் கோரிக் கிராமசபை நிறைவேற்றிய தீர்மானத்தின் தேதி.